குழந்தைகளின் பருமனும் குடியிருப்பின் கடமையும்

(ஹிஞ்சேவாடியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இம்முறை செயற்குழுவினர் குழந்தைகளின் உடற்பருமனைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தனர். நாம் மருத்துவரல்லோம், இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரிகிறோம். உள்ளதை உள்ளவாறு பதிவேட்டில் எழுதிப் பழகிய கை நம்முடையது. ஆகவே, படித்தும் கேட்டும் அறிந்தவற்றை அவ்வாறே உங்கள் முன் வைக்கிறோம்.

ஊரிலிருந்து பாட்டியார் வந்து இறங்கியதும் பேரனைப் பார்த்துக் கேட்கும் முதற் கேள்வி, "ஏனப்பா இப்படி இளைத்துவிட்டாய்?" என்பதே. பேரன் இளைத்திருக்கமாட்டான், ஒரு சுற்றுப் பெருத்தே இருப்பான். ஆயினும் பாட்டியாரைக் குறை கூறல் தகாது. அவர் கண்டு வளர்ந்தது பஞ்சகாலம். பசியோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்காகவே 1956ஆம் ஆண்டு காமராசர் ஆட்சியில் பகலுணவுத் திட்டம் தமிழ்நாடெங்கும் தொடங்கிற்று; எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. குழந்தையின் கன்னத்தில் சதை பிடித்தால் வீட்டிற்கு வறுமை இல்லை என்று பொருள் கொண்ட காலம் அது. அந்தக் கண்ணைக்கொண்டே இன்றும் பார்க்கிறோம். காலம் மட்டும் மாறிவிட்டது.

எவ்வளவு மாறிற்று? 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் எடை குறைந்தவர் 9.2 விழுக்காடு, உடற்பருமன் உடையவர் 9.4 விழுக்காடு என உலகக் கணக்கொன்றை யுனிசெப் நிறுவனம் 2025ஆம் ஆண்டில் வெளியிட்டது. தெற்காசியாவில் இன்னும் மெலிவே மிகுதி என்பதையும் அவ்வறிக்கை கூறுகிறது. ஆனால் நம் நாட்டிலும் காற்று திரும்பிவிட்டது. ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் மிகை எடையுடையோர் 2015-16இல் 2.1 விழுக்காடு, 2019-21இல் 3.4 விழுக்காடு. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு தரும் எண்கள் இவை. நாட்டு மக்கள் அனைவரையும் சேர்த்த சராசரி இது. மின்தூக்கியும் மகிழுந்தும் உள்ள குடியிருப்புகளில் நிலை என்ன என்பதை நம் மாடி முற்றத்தில் நின்று பார்த்தாலே போதும்.

இனி, புனே நகரத்தார் பெருமையுடன் அறியவேண்டிய செய்தி ஒன்று. இங்கே ராஸ்தாபேட்டையிலுள்ள கே.ஈ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் அவர்களும் அவருடன் உழைத்தோரும், இந்நகரைச் சூழ்ந்த ஆறு கிராமங்களில் 1993ஆம் ஆண்டு முதல் கருவுற்ற தாய்மாரையும் அவர்தம் குழந்தைகளையும் தொடர்ந்து ஆராய்ந்தனர். இங்குப் பிறந்த குழந்தையின் சராசரி எடை ஏறக்குறைய 2.7 கிலோ, இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தையின் எடை 3.5 கிலோ. நம் குழந்தை சிறியதே. ஆயினும் தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்த அளவிற்கு, தோலின் கீழுள்ள கொழுப்புக் குறைந்திருக்கவில்லை! மெலிந்த உடலில் மறைந்த கொழுப்பு. இதுவே அவர்கள் கண்டது.

பெரியவர்களிடத்தும் அவ்வாறே. 2004ஆம் ஆண்டில் யாஜ்னிக் அவர்களும் இலண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் என்ற மருத்துவரும் தம் படத்தையே ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். உயரத்திற்கேற்ற எடைக் குறியீடு இருவர்க்கும் ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, நம்மவர்க்கு 21.2 விழுக்காடு. ஆகவே "என் பிள்ளை பார்வைக்கு ஒல்லிதானே" என்று நாம் கவலையற்று இருத்தற்கில்லை. இவ்வுடலமைப்பின்மேல் மிகை உணவும் ஓடாத கால்களும் சேர்ந்தால், கொழுப்பு வயிற்றைச் சுற்றித் தங்குகிறது. இன்சுலின் தன் வேலையைச் செய்ய இயலாது தடைப்படுகிறது. ஐம்பதில் வந்த நீரிழிவு இருபதிலேயே வாசற்கதவைத் தட்டுகிறது.

முன்பெல்லாம் புகைவண்டி நிலையங்களில் காசு போட்டால் எடைச்சீட்டு தரும் இயந்திரம் நிற்கும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் எதிர்காலப் பலன். சோதிடத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் குழந்தையின் எடைக்கும் அதன் எதிர்காலத்திற்கும் தொடர்புண்டு என்பதில் அவ்வியந்திரம் பொய் சொல்லவில்லை. எடை மட்டும் போதாது. உயரத்தோடு பொருத்திப் பார்க்கவேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வளர்ச்சி அட்டவணை குழந்தை மருத்துவர்களிடம் உண்டு. வீட்டிலோ ஒரு நூல் போதும்: ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இடுப்புச் சுற்றளவு, உயரத்தில் பாதியை எட்டலாகாது.

காரணத்தைத் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. நிலாவைக் காட்டிச் சோறூட்டிய கை இன்று கைப்பேசியைக் காட்டி ஊட்டுகிறது. படத்தில் ஆழ்ந்த குழந்தைக்குத் தன் வயிறு நிறைந்தது தெரிவதில்லை. பள்ளி வண்டி வாயிலிலே ஏற்றி வாயிலிலே இறக்குகிறது. பசி என்று சொல்லி முடிக்குமுன் பத்து நிமிடத்தில் பொட்டலம் வீடு தேடி வருகிறது. மாதம் நான்கு பிறந்தநாள் விழா. ஒவ்வொன்றிலும் கேக்கும் குளிர்பானமும். 300 மில்லி கோலாவில் ஏறக்குறைய 32 கிராம் சர்க்கரை, அதாவது எட்டுச் சிறு கரண்டி. நாளொன்றுக்கு 1,700 கலோரி வேண்டிய எட்டு வயதுப் பிள்ளைக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு நெறிப்படி, சேர்க்கும் சர்க்கரை 42 கிராமுக்குள் இருத்தல் வேண்டும். 21 கிராமுக்குள் நிற்பின் நன்று. ஒரு புட்டியே பெரும்பங்கை விழுங்கிவிடுகிறது. "பழச்சாறு" என்று படம் போட்ட பெட்டிகள் பலவும் இதற்கு இளைத்தவை அல்ல.

இதைத் தனி வீடு ஒன்று தடுக்க இயலுமா? இயலாது என்பதே நம் கருத்து. ஒரு தாய் தன் வீட்டில் புட்டியை விலக்கலாம்; எதிர்வீட்டு விருந்தில் தன் பிள்ளையை மட்டும் கை கட்டி நிற்க வைத்தல் கொடுமை. விளையாடப் போ என்று தந்தை சொல்லலாம். விளையாடும் இடத்தில் மகிழுந்துகள் நிற்கின்றன. நாளொன்றுக்குச் சராசரி அறுபது நிமிடம் பிள்ளைகள் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கே ஓடுவது? ஹிஞ்சேவாடிச் சாலையிலா?

இன்னொன்று. பருத்த பிள்ளையைக் ‘குண்டு’ என்றழைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அன்பாய்ச் சொல்வதாகவே நினைக்கிறோம். அச்சொல்லைக் கேட்ட பிள்ளை ஆட்டக்களத்தை விட்டு ஒதுங்கி அறைக்குள் புகுந்துகொள்கிறது. பட்டினி போடுதலும் வேண்டா. வளரும் உடல் அது. வீட்டார் அனைவரும் உண்பதையே அப்பிள்ளையும் உண்ணட்டும். அனைவர்க்கும் உணவு மாறட்டும். மராத்தியர் நாச்சணி என்பது நம் கேழ்வரகே. சோளமாவில் தட்டும் பாக்கரியை அண்டை வீட்டு அம்மையாரிடம் நம் பெண்டிர் கற்கலாம். ஆடவர் கற்பினும் தடையில்லை.

செயற்குழுவிடம் மூன்று வேண்டுகோள். முதலாவது, வரும் ஆண்டு விழாவில் குழந்தைகளுக்குக் குளிர்பானம் வேண்டா. மோரும் சுண்டலும் கொய்யாவும் போதும். "விழா நாளில் கூடவா?" என்று நண்பர் சிலர் முகம் சுளிக்கின்றனர். ஆண்டில் எத்தனை நாள் விழா என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். இரண்டாவது, ஒவ்வொரு பண்டத்திலும் எத்தனை கிராம் சர்க்கரை என்று காட்டும் பலகையை வைக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025ஆம் ஆண்டு தன் பள்ளிகளுக்கு எழுதிற்று. அத்தகைய பலகை ஒன்று நம் கூடத்திலும் தொங்கட்டும். மூன்றாவதே முதன்மையானது: மாலை ஐந்து முதல் ஏழு வரை பின்புற முற்றத்தில் வண்டி நிறுத்தாதிருக்கக் குடியிருப்பு நிர்வாகத்தார்க்கு விண்ணப்பம். மராத்தியக் குடும்பத்தாரும் இதில் கையொப்பமிட இசைந்துள்ளனர்.

விண்ணப்பத் தாள் வாயிலருகே மேசைமேல் இருக்கிறது. கையொப்பமிடுவோர் தம் வண்டியின் எண்ணையும் பக்கத்தில் எழுதவேண்டும். முற்றத்தில் கிளித்தட்டுக்குக் கோடு போடச் சுண்ணாம்பு வாங்கி வைத்துவிட்டோம்.