கல்லைப் பிடுங்கலாம், அளவைப் பிடுங்க முடியாது

(ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளன்று திண்டுக்கல்லில் நடந்த நில உரிமை வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்.)



இப்பத்தான் வெளியே வெயிலில் ஒரு மீட்டர் குச்சியை நட்டுப் பார்த்துவிட்டு வந்தோம். மணி 12.18. நிழல் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. இன்னும் இரண்டு மூன்று நாளில் அதுவும் இருக்காது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலுமாக வருசத்துக்கு இரண்டு தடவை சூரியன் நம்ம திண்டுக்கல்லுக்கு நேர் உச்சியில் வருது. அந்த நேரத்தில் யாருக்கும் நிழல் பக்கத்தில் விழாது. மணியக்காரருக்கும் விழாது, நமக்கும் விழாது.

சிரிக்கிறீங்க. ஆனா இது சிரிக்கிற விசயமில்லை. பேஷ்வாக்கள் ஆண்ட புனேயில் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை மூன்றுக்குப் பின்னும் மகர், மாங் மக்கள் நகரத்துக்குள் நுழையத் தடை இருந்தது. அந்த நேரத்தில் நிழல் நீளமாக விழும், மேல்சாதிக்காரன் மேல் பட்டால் தீட்டு என்பதுதான் காரணம். நிழலுக்கும் நேரத்துக்கும் உள்ள கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதைத் தீட்டுக்குப் பயன்படுத்தினார்கள். அதே கணக்கை வைத்து, பூமியில் நாம் நிற்கிற இடம் எது என்று கண்டுபிடிக்கலாம். இன்னைக்கு அதைத்தான் படிக்கப் போறோம்.

மார்ச் 21-ந்தேதி நண்பகலில் இதே குச்சியை நட்டால் 18 சென்டிமீட்டர் நிழல் விழும். அன்றைக்குச் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே இருக்கும். குச்சியையும் நிழலையும் வைத்து முக்கோணம் போட்டால் பத்து டிகிரிக்குச் சற்று அதிகமான கோணம் கிடைக்கும். அதுதான் நம்ம ஊர் அட்சரேகை, வடக்கு 10 டிகிரி 22 நிமிடம். சென்னையில் அதே குச்சிக்கு 23 சென்டிமீட்டர் வரும், ஏன்னா அது 13 டிகிரி.

அடுத்தது தீர்க்கரேகை. இதற்குக் கடிகாரம் வேணும். இந்தியா முழுக்க ஒரே மணி. அது 82½ டிகிரி கோட்டில் எடுத்த மணி. அங்கே சரியாகப் பன்னிரண்டுக்கு உச்சி. நமக்கு 18 நிமிடம் கழிச்சு உச்சி. பூமி ஒரு டிகிரி திரும்ப நாலு நிமிடம். அப்போ நாம அந்தக் கோட்டுக்கு நாலரை டிகிரி மேற்கே, 78 டிகிரிக்குக் கிட்ட இருக்கோம். இந்த இரண்டு எண் போதும், பூமியில் வேறெந்த ஊரோடும் நம்ம ஊரைக் குழப்ப முடியாது.

ஆனால் எங்கிருந்து எண்ண ஆரம்பிப்பது? பூமத்திய ரேகை இயற்கை கொடுத்தது. தீர்க்கரேகையின் பூச்சியக் கோடு லண்டன் பக்கத்தில் கிரீன்விச்சில் ஓடணும்னு 1884-ல் வாஷிங்டனில் கூடிய நாடுகள் முடிவு பண்ணின. உலகத்தில் பெரும்பாலான கப்பல்கள் ஏற்கெனவே அந்தக் கோட்டு வரைபடத்தில்தான் ஓடின. யார் கையில் கப்பல் இருந்ததோ அவன் வாசலில் பூச்சியம். ஊரை நடுவில் வைத்துக்கொண்டு நம்மைப் புறச்சேரி, கீழத்தெரு, காலனி என்பதும் இதே கணக்குதான். நம்ம தெருவிலிருந்து பார்த்தால் ஊர்தான் மேற்கே தள்ளி இருக்கு.

1802-ல் பரங்கிமலைப் பக்கத்தில் லாம்டன் என்ற வெள்ளைக்காரர் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்தார். ஒரு பக்கத்தையும் இரண்டு கோணத்தையும் வைத்து முக்கோணம். அதன் பக்கத்தில் அடுத்த முக்கோணம். இப்படியே குமரி வரை போனார்கள். பிற்பாடு இமயம் வரை நீண்ட அந்த முக்கோண வரிசை 78 டிகிரிக் கோட்டை ஒட்டியே போகுது, நம்ம சிரமம் தெரிந்த சீமை வழியாக. அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை மலைமேலும் கோபுரத்தின் மேலும் ஏற்றினார்கள். தூக்கியவர்களின் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை.

இந்தச் சீமையை 1792 ஒப்பந்தத்தில் திப்புவிடமிருந்து கம்பெனி வாங்கியது. 1800-ஐ ஒட்டிய வருசங்களில் கலெக்டர் ஹர்டிஸ் நிலங்களை அளந்தார். அறிவு வளர்க்க அளக்கலை, வரி போட அளந்தார். ஆனாலும் நிலத்துக்கு எண் விழுந்தது.

என் அப்பா வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வெட்டியான். சர்வேயர் வந்தால் சங்கிலியின் ஒரு முனை அவர் கையில். 66 அடிச் சங்கிலி, 100 லிங்க். நீளம் பத்துச் சங்கிலி, அகலம் ஒரு சங்கிலி, அதுதான் ஒரு ஏக்கர். அதில் நூறில் ஒன்று சென்ட். நாம் சென்ட் சென்ட் என்கிறோமே, அது அந்தச் சங்கிலியில் பிறந்தது. கல் தூக்கியது அப்பா, குழி தோண்டியது அப்பா. எல்லைத் தகராறு வந்தால் தலையில் தண்ணீர்க் குடத்தோடு எல்லையை நடந்து காட்டப் பறையரைக் கூப்பிட்ட வழக்கம் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளில் பதிவாகியிருக்கு. எல்லை தெரிந்தவன் நாம். எழுதிய புத்தகம் மட்டும் கர்ணம் வீட்டுப் பெட்டியில். 1980-ல் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிந்தன. பெட்டி திறந்தது, நமக்குத்தான் படிக்கத் தெரியலை.

அந்தப் பெட்டியில் என்ன இருந்தது? செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1892-ல் அரசு ஆணை வந்தது. நிலமற்ற நம் மக்களுக்கு நிலம். பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் நம் மக்களுக்கு மட்டுமே விற்கலாம். இதுதான் பஞ்சமி நிலம். செங்கல்பட்டில் 1994 அக்டோபர் 10-ந்தேதி, காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் பலியானார்கள். அவர்கள் கேட்டது பிச்சையில்லை, பதிவேட்டில் இருந்த எண்ணை.

எங்க ஊரிலும் அப்படி ஒரு எண் இருக்கு. யு.டி.ஆர். என்கிற திட்டத்தில் 1979 தொடங்கிப் பட்டாக்களைப் புதுசாக எழுதினார்கள். இப்ப அது இன்னொருத்தர் பட்டா. தகவல் உரிமைச் சட்டத்தில் அதற்கு முந்தைய ‘அ’ பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். குறிப்புக் கட்டத்தில் இரண்டே எழுத்து: டி.சி. ஒடுக்கப்பட்ட வகுப்பு என்பதற்கான வெள்ளைக்காரன் சுருக்கம். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அந்த மூலைக்கல்லை நாந்தாம்ப்பா நட்டேன்”னாரு.

போய்ப் பார்த்தால் கல் இல்லை. பிடுங்கி, உழுது, தென்னை வைத்தாச்சு.

இங்கேதான் படிப்பு உதவுது. புலப்படத்தில் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் எவ்வளவு தூரம் என்று எழுதியிருக்கும். மூன்று கல்லில் இரண்டு இருந்தால் போதும். ஒரு கல்லிலிருந்து அதன் அளவுக்குக் கயிறு, மற்றதிலிருந்து அதன் அளவுக்குக் கயிறு. இரண்டு கயிறும் கூடுகிற இடம்தான் மூணாவது கல். லாம்டன் கோணத்தால் செய்ததை நாம் கயிற்றால் செய்யறோம். முக்கோணம் ஒன்றுதான். சர்வேயர் அளந்தபோது அந்த இடம் தென்னை வரிசைக்கு உள்ளே போய் விழுந்தது. மனு இன்னும் நடக்கு. ஆனால் ‘அப்படி ஒரு நிலமே இல்லை’ என்று இனி யாரும் சொல்ல முடியாது.

செல்போனில் இடம் காட்டுதே, அது போதாதா என்று ஒரு தம்பி கேட்டார். செயற்கைக்கோள்களின் சைகையை வைத்து அது கணக்குப் போடுது. ஐந்து பத்து மீட்டர் பிசகும். அந்தப் பிசகில் இரண்டு மூன்று சென்ட் போயிரும். இடத்தைத் தேடிப் போக அதை வச்சுக்கங்க. எல்லைக்குக் கல்லும் புலப்படமும் வேணும். புலப்படத்தை இப்போ கணினியிலேயே எடுக்கலாம்.

வீட்டுக்குப் போய் மூணு காரியம் செய்யுங்க. உங்க ஊர்க் கிராம வரைபடத்தை வாங்குங்க. நம்ம தெரு, கிணறு, சுடுகாடு, சுடுகாட்டுக்குப் போற பாதை அதில் இருக்கான்னு பாருங்க; பாதை இல்லைன்னா அதைப் பதியச் சொல்லி மனு எழுதுங்க. பழைய ‘அ’ பதிவேட்டில் டி.சி. என்ற இரண்டு எழுத்தைத் தேடுங்க. பெரியவங்களைக் கூட்டிக்கிட்டு எல்லையை ஒருமுறை நடங்க, அவங்க இருக்கும்போதே.

அப்பாவுக்கு இப்போ கண் சரியாத் தெரியாது. ஆனா புலப்படத்தைக் கையில் கொடுத்தால் விரலை அந்த மூலையில்தான் வைக்கிறார்.

ஜெய்பீம்.