நைட் டூட்டியும் எம்.எஸ்சி.யும்

நைட் டூட்டி முடிந்து, ஹேண்டோவர் கொடுத்துவிட்டு, பஸ் ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கும் நர்ஸுகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலருக்கு எம்.எஸ்சி. நர்சிங் ஆசை உண்டு. பி.எஸ்சி.யோடு 1 வருட வேலை அனுபவமும் கேட்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். வார்டில் நின்று பழகியவர்தான் மேலே படிக்க வேண்டும் என்பது நல்ல விதி. டிப்ளமோ முடித்தவர் என்றால் முதலில் 2 வருடம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.

ஆனால் எம்.எஸ்சி. 2 வருட முழுநேரப் படிப்பு. அதுவரை வீட்டு வாடகையை யார் கொடுப்பது? இதற்கிடையே தீவிர சிகிச்சைக்கென்று நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலைப் படிப்பும் வந்திருக்கிறது. ரெசிடென்சி முறை, பெரும்பகுதி நேரம் ஐ.சி.யூ.விலேயே, வென்டிலேட்டர் அலாரத்துக்கு நடுவில்தான் பாடம். சேரும் முன் கவுன்சில் அங்கீகாரத்தைப் பாருங்கள். உதவித்தொகை எவ்வளவு என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள்.