திறனும் ஆயுளும்: சூரிய மின்கல ஆய்வின் புதிய போக்கு



பத்தாண்டு நிறைவு விழாவில் தூய ஆற்றல் ஆய்வு பற்றிப் பேசப் பணித்துள்ளீர்கள். துறை மிகப் பரந்தது. ஆதலின் சூரிய மின்கலம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆய்வின் போக்கு எவ்வாறு மாறிவருகிறது என்பதைச் சொல்ல விழைகிறேன்.

1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் சிலிக்கான் மின்கலத்தை உலகுக்குக் காட்டியது. தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை அது மின்சாரமாக்கிற்று. அந்த விழுக்காட்டை உயர்த்துவதே பின்வந்த ஆய்வாளர்களின் பெருநோக்காயிற்று.

2009இல் ஜப்பானில், யோக்கோகாமா தோயின் பல்கலைக்கழகத்தில் மியாசாகா குழுவினர் பெரோவ்ஸ்கைட் என்னும் படிக அமைப்புடைய பொருளைக் கொண்டு மின்கலம் செய்தனர். அன்று அதன் திறன் 3.8 விழுக்காடே. பதினைந்து ஆண்டுகளுக்குள் அது 25 விழுக்காட்டைத் தாண்டியது. சிலிக்கான்மேல் இப்பொருளைப் படலமாக இட்ட இரட்டைக் கலமோ 33 விழுக்காட்டையும் கடந்தது. சிலிக்கானை உருக்க 1,400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். இதனைக் கரைசலாக்கிப் பூசி, 100 பாகை அளவில் சூடாக்கினாலே படலம் அமைந்துவிடும். உலகம் வியந்ததில் வியப்பில்லை.

ஆயினும் ஒரு வினா எஞ்சியது: எத்தனை நாள் உழைக்கும்? ஈரம் பட்டால் இப்படிகம் சிதைகிறது, வெப்பத்தில் நலிகிறது, ஒளியை ஏற்கவே பிறந்த பொருள் அவ்வொளியாலேயே தளர்கிறது. சிலிக்கான் தகடுகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தரப்படுகிறது. மேலும் திறன்மிக்க பெரோவ்ஸ்கைட் கலங்களில் ஈயம் உண்டு. உடைந்த தகட்டிலிருந்து அது மண்ணில் கலந்தால், தூய ஆற்றல் என்னும் பெயர் பொருளற்றதாகும்.

இவ்வுணர்வே ஆய்வின் திசையைத் திருப்பியது. ஆயுளை ஆளுக்கொரு முறையில் அளந்தால் ஒப்பிடுவது எங்ஙனம்? 2020இல் பல நாட்டு ஆய்வாளர்கள் ஒன்றுகூடி, இக்கலங்களின் நிலைப்பைச் சோதித்து அறிவிப்பதற்குப் பொது நெறிகளை வகுத்து, 'நேச்சர் எனர்ஜி' இதழில் வெளியிட்டனர். ஈயக் கசிவைத் தடுத்தல், பழைய கலங்களிலிருந்து ஈயத்தை மீட்டல், ஈயத்திற்கு மாற்றாக வெள்ளீயத்தைக் கையாளல் ஆகியனவும் இன்று தனி ஆய்வுத் துறைகளாய் வளர்ந்துள்ளன.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. திறனை ஒரே நாளில் அளந்துவிடலாம். ஆயுளை அளக்க ஆண்டுகள் வேண்டும். பட்டத்துக்குரிய காலமோ குறுகியது. இதழ்களோ சாதனை எண்ணை விரும்புகின்றன. பொறுமையாக ஆயுளைச் சோதிக்கும் இளம் ஆய்வாளருக்கும் பல்கலைக்கழகங்கள் உரிய இடம் தரல் வேண்டும். கூரைமேல் தகடு பதிக்கும் குடும்பத்துக்கு வேண்டுவது ஒருநாள் சாதனையன்று. ஆண்டுதோறும் எரியும் விளக்கு.

நூலின் பெருமையை அது வெளிவந்த நாளின் ஆரவாரத்தால் அளப்பவர் அல்லர் நீங்கள். அந்த அளவுகோலை அறிவியலும் கைக்கொள்ளத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது.