நான் கேளாத ஒலி

1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு உலகின் முதல் செயற்கைச் சந்திரனாகிய ஸ்புட்னிக்கை வானில் செலுத்திற்று என்பதை மாணவர்களாகிய நீங்கள் படித்திருப்பீர்கள். அதன் ஒலியை என் காதாரக் கேட்டேன் என்று அந்நாளில் பள்ளிக்கூடத்தில் சொன்னவன் நான். உண்மையில் நான் கேட்கவில்லை. அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

அப்பொழுது எனக்கு வயது 13. திருச்சிராப்பள்ளிக்கு அருகே காவிரிக் கரையில் ஒரு சிற்றூரில் இருந்தோம். வீட்டில் மின்சார விளக்கும் இல்லை, வானொலிப் பெட்டியும் இல்லை. ஆனால் நானே செய்த படிகப் பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. மூங்கிற் குழாயில் சுற்றிய செம்புக் கம்பி, மிளகளவு கலீனாத் துண்டு, அதன்மேல் பட்டும் படாமலும் நிற்கும் மெல்லிய கம்பிமுனை, ஒரு பழைய ஹெட்போன், இவ்வளவுதான். தென்னை மரத்திலிருந்து ஓட்டுக்கூரை வரையில் ஏரியல்; கிணற்றடி ஈரமண்ணில் புதைத்த செப்புத் தகடு எர்த். பாட்டரியே வேண்டாம். நிலையத்திலிருந்து வரும் அலையின் ஆற்றலே ஹெட்போனைப் பேச வைத்துவிடும். கலீனா என்பது ஈயமும் கந்தகமும் சேர்ந்த தாது. அதை மின்னலைகளை உணரும் கருவியாக்கி நம் ஜகதீச சந்திர போஸ் 1904இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பதை வெகுகாலம் கழித்தே அறிந்தேன். எனக்கு அப்பொழுது தெரிந்ததெல்லாம், கம்பிமுனையைச் சற்றே நகர்த்தினால் திருச்சி நிலையத்து நாகஸ்வரம் வரும், இன்னும் சற்று நகர்த்தினால் போய்விடும் என்பதே.

படிகப் பெட்டிக்கு அருகிலுள்ள நிலையமே எட்டும். கடல் கடந்து வரும் சிற்றலை ஒலிபரப்புகளைக் கேட்க வால்வு வேண்டும். பொன்மலை ரயில்வேப் பட்டறையில் வேலை பார்த்த என் மாமா, சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையிலிருந்து ஒன்றை வாங்கிவந்து கொடுத்தார். அதனுள்ளே இருக்கும் இழை சூடாவதற்கு ஒன்றரை வோல்ட்டும், தகட்டுக்கு அறுபத்தேழரை வோல்ட்டும் வேண்டும். ஆகையால் இரண்டு பாட்டரிகள். வால்வு பெருக்கிய ஒலியில் ஒரு பகுதியை அதே சுருளுக்குத் திருப்பி அனுப்பினால் ஒரு வால்வே பல வால்வுகளின் வேலையைச் செய்யும். அளவு மிஞ்சினாலோ, பெட்டியே ஒரு சிறு ஒலிபரப்பி ஆகிவிடும்! நான் இலங்கை வானொலியைத் தேடும் நேரத்தில், அடுத்த வீட்டார் தங்கள் பெட்டியில் கீச்சொலி வருகிறதென்று அதைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். நான் வாய் திறந்ததில்லை.

ஸ்புட்னிக் 20.005 மெகாசைக்கிளிலும் 40.002 மெகாசைக்கிளிலும் ஒலிக்கிறது, 96 நிமிஷத்துக்கு ஒருமுறை உலகைச் சுற்றுகிறது என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. 20 மெகாசைக்கிளுக்கு என் சுருளில் சுற்றுகள் அதிகம். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் அவசர அவசரமாக வேறு சுருள் சுற்றிப் பொருத்தினேன். கம்பிகளைத் திரும்ப இணைக்கும்போது, அறுபத்தேழரை வோல்ட்டுக் கம்பியை இழையின் முனையில் வைத்துவிட்டேன். வால்வினுள் கண்ணிமைப் பொழுது பளிச்சென்று ஓர் ஒளி தோன்றிற்று. பிறகு ஒன்றுமில்லை.

மறுநாள் வகுப்பில் நண்பர்கள், "கேட்டாயா?" என்றார்கள். "கேட்டேன். பீப், பீப் என்றது" என்றேன். செய்தி எங்கள் விஞ்ஞான ஆசிரியரின் காதுக்கு எட்டியது. அவர் மிகுந்த ஆவலோடு என்னை எழுப்பி நிறுத்தினார்.

"தம்பி, ரயில் ஊதிக்கொண்டே நம்மைக் கடந்து போகும்போது அந்த ஒலி என்ன ஆகிறது?"

"சுருதி இறங்குகிறது, சார்."

"நீ கேட்ட ஒலியும் இறங்கிற்றா? எவ்வளவு நேரத்தில் இறங்கிற்று?"

அவர் என்னைச் சோதிக்கவில்லை. அறிந்துகொள்ள விரும்பியே கேட்டார். அதுதான் என்னைச் சுட்டது. அதே நாட்களில் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வுக்கூடத்தில் கையர், வைஃபென்பாக் என்னும் இரு இளைஞர்கள் இதே கேள்வியைக் கேட்டு, சுருதி இறங்கும் விதத்தை அளந்தே ஸ்புட்னிக்கின் பாதையைக் கணக்கிட்டார்கள் என்பதையும், கப்பல்களுக்கு வழிகாட்டிய டிரான்ஸிட் செயற்கைக் கோள்கள் அதிலிருந்து பிறந்தன என்பதையும் பின்னாளில் படித்தபோது, அந்த வகுப்பறையில் மறுபடியும் எழுந்து நிற்பதுபோல் இருந்தது.

மாலையில் அவரிடம் போய் எரிந்த வால்வைக் காட்டினேன். அவர் கோபிக்கவில்லை, எரிந்தது எப்படி என்று மட்டும் விசாரித்தார். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, "கேட்டதை மணியோடு எழுது. கேட்காவிட்டால், கேட்கவில்லை என்று எழுது" என்றார். நண்பர்களிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

மாமா வேறு வால்வு கொண்டுவந்தது டிசம்பரில். அக்டோபர் 26ஆம் நாளே ஸ்புட்னிக்கின் பாட்டரி தீர்ந்து போயிருந்தது. லைகா என்னும் நாயுடன் நவம்பரில் சென்ற இரண்டாவது சந்திரனும் மௌனமாகிவிட்டிருந்தது. ஆயினும் அன்றிரவு 20 மெகாசைக்கிளுக்கு அருகே முள்ளை நகர்த்தியபடியே உட்கார்ந்திருந்தேன். அந்த நோட்டுப் புத்தகம் இன்றும் என்னிடம் இருக்கிறது. அதன் முதல் வரி: "இரவு 8 முதல் 10 மணி வரை. இரைச்சல் மட்டும்."