கேட்டல் தேர்வில் படம் வேண்டுமா?



மட்டாஞ்சேரியில் வளரும் நம் குழந்தைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தெருவிலும் மலையாளமே பேசுகின்றனர். தாய்மொழியாகிய தமிழ் அவர்கட்கு இரண்டாம் மொழியாகி வருகின்றது. இதனை மறைப்பதிற் பயனில்லை. அவர்கள் தமிழைக் கேட்டு உணர்கின்றனரா என்று சோதிக்கையில், ஒலிப்பதிவு மட்டும் போதுமா, வீடியோப் படமும் வேண்டுமா என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

படம் வேண்டும் என்பார் கூற்றில் வலிமையுண்டு. நேரிற் பேசுவோர் முகத்தை நாம் காணாதிருப்பதில்லை. இதழசைவும் செவிக்குத் துணை நிற்கின்றது. 1976இல் மெக்கர்க், மக்டொனால்டு என்னும் இருவர், 'பா' என்னும் ஒலியோடு 'கா' என்னும் வாயசைவை இணைத்துக் காட்டினர். முதியோருட் பலர் 'டா' என்றே கேட்டனர்! 2002இல் ஏப்ரல் கிந்தர் வெளியிட்ட ஆய்வோ, எந்தப் படம் என்பதையும் நோக்கிற்று. சிற்றுரைகளில், சொல்லும் பொருளைக் காட்டிய படங்கள் சிறிது உதவின. பேசுமிடத்தை மட்டும் காட்டியவை சற்றே இடையூறு செய்தன.

எனினும் நம் குழந்தைகள் நிலை தனித்தன்மை உடையது. மலையாள வினைமுற்று பால், இடம் காட்டுவதில்லை. ஞான் போயி, அவன் போயி, அவள் போயி, எல்லாம் 'போயி'யே. தமிழிலோ போனேன், போனான், போனாள். எழுவாயை விடுத்துக் "கடைக்குப் போனாள்" என்றாலே நமக்குப் போதும். மலையாளத்திற் பழகிய செவி 'போ' என்பதைப் பற்றிக்கொண்டு ஈற்றை நழுவவிடும். படத்தில் ஒரு பெண் கூடையேந்தி நடந்தால், ஈற்றைக் கேளாமலே குழந்தை விடையெழுதி மதிப்பெண் பெற்றுவிடும். தேறியது கண்ணேயன்றிச் செவியன்று.

"ஊருக்குள் வெள்ளம் வந்தது" என்பதும் அத்தகையதே. மலையாளத்தில் வெள்ளம் தண்ணீரன்றோ? குழாயில் நீர் வந்ததென்று குழந்தை மகிழக்கூடும். குடிநீருக்குக் காத்திருக்கும் நம் பகுதியில் அது மகிழத்தக்க செய்திதான்! பெருக்கெடுத்த ஆற்றைப் படத்திற் காட்டிவிட்டால், அக்குழந்தை எச்சொல்லில் இடறுகின்றது என்பது நமக்குத் தெரியாமலே போகும்.

ஆதலின், கற்பிக்கும்போது படங்களைத் தாராளமாகக் காட்டலாம். தேர்வில் கதை சொல்வோரின் முகம் தெரிந்தாற் போதும்; கதையின் நிகழ்ச்சிகள் திரையில் வரலாகாது. வினையீறுகளைச் சோதிக்கும் வினாக்கள் மட்டும் ஒலியாலேயே அமைதல் வேண்டும். ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைத்தால் நம் பிள்ளைகள் "ம், ம்" என்று சொல்லிக் கருவியை நம்மிடம் நீட்டுவதைக் காண்கின்றோம் அல்லவா? அங்கே சொல்லைத் தவிர வேறு துணையில்லை.

தமிழ் வகுப்பின் வினாத்தாள் அமையுமுன் பெற்றோர் தம் கருத்தை ஆசிரியர்களிடம் தெரிவிக்க வேண்டுகின்றோம்.