ஒரு லூப் வயர், ஒரு பனை மட்டை, பதினாறாயிரம் ரூபாய்

(பேச்சின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னிக்கு எபிசோட்ல கோடிங் கிடையாது. எங்க வீட்ல ஒரே நாள்ல என்னென்ன எரிஞ்சுது, ஏன் எரிஞ்சுது, அதுல என் பங்கு என்ன, இதைப் பத்தித்தான் பேசப் போறேன். கடைசி விஷயத்தைச் சொல்றதுக்குத்தான் இந்த எபிசோடே.

எங்க ஊரு கடம்பத்தூர் பக்கம். திருவள்ளூர்ல இருந்து அரக்கோணம் போற ரயில்ல போனா வரும். ஒரு பக்கம் கம்பெனி பஸ் ஓடும், இன்னொரு பக்கம் கழனி. வாரத்துல மூணு நாள் நான் வீட்ல இருந்துதான் வேலை பார்க்கறேன். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் சொர்ணவாரி நெல்லு. ஆனி மாசக் கடைசி, கதிர் வெளிய வர்ற நேரம். விவசாயம் பார்க்கறவங்களுக்குத் தெரியும், அந்தப் பத்து நாள் தண்ணி காயக் கூடாது. காஞ்சா பூ சரியாப் பிடிக்காது, நெல்லுக்குப் பதிலா பதர்தான் மிஞ்சும்.

முந்தின நாள் ராத்திரி காத்தும் இடியுமா வந்துச்சு. மழைன்னு பார்த்தா நாலு தூறல். கரண்ட் போயிடுச்சு. காலையில அஞ்சரைக்கு வந்துச்சு. வந்த உடனே டியூப் லைட் பளீர்னு எரியுது. ஃபேன் சும்மா பறக்குது. எங்க ஆயா படுத்துக்கிட்டே சொல்றாங்க, "இன்னிக்குத்தான்டா இந்த ஃபேனு ஒழுங்கா ஓடுது." நானும் சிரிச்சுட்டுத் திரும்பிப் படுத்துட்டேன்.

அஞ்சு நிமிஷம் இருக்கும். ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர்ல இருந்து புகை. அடுத்து செட்டாப் பாக்ஸ். டப்புனு ஒரு சத்தம், வைஃபை அடாப்டர். ஓடிப்போய் மெயினை இறக்கறதுக்குள்ள என் லேப்டாப் சார்ஜரும் போயிடுச்சு. அம்மா ஒரு வார்த்தை பேசலை. நேரா சமையல்கட்டுக்குப் போய் காஞ்ச மிளகாய், உப்பு எடுத்துட்டு வந்து எல்லாருக்கும் சுத்திப் போட்டாங்க. "போன மாசம் புது ஃபிரிட்ஜ் வாங்கினோம்ல, எவ கண்ணு பட்டுதோ."

வெளிய வந்து பார்த்தா, பக்கத்து வீட்ல பல்பு மினுக்கு மினுக்குனு அழுதுட்டு இருக்கு. அதுக்கடுத்த வீட்ல கரண்ட்டே இல்லை. எங்க வீட்ல பளீர், அங்க மங்கல். இதைப் பார்த்த உடனே எனக்குப் புரிஞ்சிருக்கணும். நான் படிச்சது எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங். வேலைதான் ஐடி.

விஷயம் இதுதான். தெருவுல மூணு ஃபேஸ், ஒரு நியூட்ரல். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து 230 வோல்ட் வரும். ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல பார்த்தா 400 வோல்ட்டுக்கு மேல. நியூட்ரல் கம்பி அறுந்துட்டா, எங்க வீடும் பக்கத்து வீடும் அந்த 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கற மாதிரி ஆயிடும். பங்கு சமமா இருக்காது. நிறைய சாமான் ஓடற வீட்டுக்கு வோல்டேஜ் கம்மி, கொஞ்சமா ஓடற வீட்டுக்கு அதிகம். அன்னிக்குக் காலையில பக்கத்து வீட்ல ஹீட்டர் போட்டிருந்தாங்க. எங்க வீட்ல எல்லாரும் தூங்கிட்டிருந்தோம். அதனால அடி எங்களுக்கு.

ஒண்ணு மட்டும் தப்பிச்சுது. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலதான் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் திட்டத்தைத் தொடங்கி வச்சாங்க. அந்தத் திட்டத்துல எங்களுக்கு வந்த கிரைண்டர் இன்னும் ஓடுது. அம்மா அரைச்சு முடிச்ச கையோட பிளக்கைக் கழட்டி வச்சிருவாங்க, அதனால.

ஆறரை மணிக்கு அப்பா போன் பண்றார். "மோட்டார் ஓடுதுன்னு காட்டுது, தண்ணி வரலைடா. ஆம்பியர் முள்ளு கடைசியில போய் ஒட்டிக்கினு நிக்குது." எனக்கு வயிறு கலங்கிடுச்சு. ஏன்னு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

போன வருஷம் கத்திரி வெயில்ல சாயங்காலம் ஆனா வோல்டேஜ் இறங்கும். ஸ்டார்ட்டர் பெட்டியில சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர்னு ஒண்ணு இருக்கும். ஒரு ஃபேஸ் போனாலோ, மூணும் ஏத்த இறக்கமா இருந்தாலோ மோட்டாரை நிறுத்திடும். அது ஒரு நாளைக்குப் பத்து தடவை நிறுத்துச்சு. அப்பா பத்து தடவை வரப்புல நடந்தார். நான் ஒரு ஞாயித்துக்கிழமை போய், பெரிய இன்ஜினியர் மாதிரி, ரெண்டு முனையையும் சேர்த்து ஒரு லூப் வயர் போட்டேன். பிரிவென்டர் பெட்டியில இருக்கும், வேலை செய்யாது. "பத்து நாளைக்குத்தான், வெயில் போனதும் எடுத்துடறேன்"னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். ஒரு வருஷம் ஆச்சு.

அன்னிக்கு நடந்தது என்னன்னா, லைன் மேல பனை மட்டை விழுந்து நியூட்ரல் அறுந்ததோட, ஒரு ஃபேஸுக்கு ஃபியூஸும் போயிருந்தது. ஆட்டோ ஸ்டார்ட்டர் கரண்ட் வந்த உடனே மோட்டாரை இழுத்துடுச்சு. ஓடிக்கிட்டிருக்கற மோட்டாருக்கு ஒரு ஃபேஸ் போனா, மிச்ச ரெண்டுல கரண்ட் சுமார் 1.7 மடங்கு ஏறும். நின்னுட்டிருக்கற மோட்டார்னா கிளம்பவே கிளம்பாது, உறுமிக்கிட்டே பல மடங்கு கரண்ட்டை இழுத்து சூடாகும். கடைசிக் காவலா ஓவர்லோட் ரிலே இருக்கணும். அதை எப்பவோ வந்த மெக்கானிக் முழுசா கூட்டித் திருகி வச்சிருக்கார், அதுவும் "சும்மா சும்மா நிக்குது"ன்னுதான். ஒரு மணி நேரம். 7.5 எச்பி சப்மெர்சிபிள், காயில் மொத்தமும் கருகிடுச்சு.

சரி, பழைய கிணத்துல கொஞ்சம் தண்ணி இருக்கே, ஆயில் இன்ஜினைப் போடலாம்னு போனோம். அதைத் தொட்டு ரெண்டு வருஷம். ஹேண்டில் போட்டுச் சுத்திச் சுத்திக் கை வீங்கினதுதான் மிச்சம். ஃபில்டர் அடைச்சிருக்கு, ஃபுட் வால்வுல தண்ணி நிக்கலை.

இதுக்கு நடுவுல இன்னொண்ணு. அறுந்த கம்பி வரப்புக்குக் குறுக்கால கிடந்திருக்கு. அப்பா, "நியூட்ரல்தானே, அதுல என்ன இருக்கு"ன்னு ஒரு குச்சியைத் தேடிட்டு நிக்கிறார். நல்ல வேளை, லைன்மேன் அண்ணன் அந்த நேரம் வந்து சேர்ந்தார். அப்பாவை விட வயசுல சின்னவர், ஆனா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டுச்சு. "யோவ் பெரியவரே, நவுரு! அறுந்த நியூட்ரல்ல வீட்டு சாமான் வழியா கரண்ட் திரும்பி வரும்யா. ஈரக் குச்சி, வெறுங்காலு. இன்னிக்கு உன்னத் தூக்கினு போயிருப்பாங்க." மோட்டார் போனதை விட எனக்கு இப்பவும் தூக்கத்துல வர்றது அந்தக் குச்சிதான்.

மோட்டாரை போர்ல இருந்து கப்பி கட்டி மேல ஏத்தி, காயில் கட்டி, திரும்ப இறக்க அஞ்சு நாள், பதினாறாயிரம் ரூபாய். அந்த அஞ்சு நாளும் சித்தப்பா அவர் போர்ல இருந்து ராத்திரியில ஓஸ் போட்டுத் தண்ணி விட்டார். அப்படியும் கடைசி மேட்டு மடைக்கு எட்டலை. அறுவடையில அந்தத் துண்டுல பாதி பதர்.

ரெண்டு நாள் நான் வாயைத் திறக்கலை. அப்பா வந்தவங்க போனவங்ககிட்டே எல்லாம், "காத்து அடிச்சதுக்கு யார் என்ன பண்ண முடியும்"னு சொல்லிக்கிட்டிருந்தார். மூணாவது நாள் சொல்லிட்டேன். "அப்பா, காத்து இல்ல. அந்த லூப்பை நான்தான் போட்டேன். அது இல்லேன்னா மோட்டார் கிளம்பியே இருக்காது." அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "தினம் பெட்டியைத் தொறந்து மூடறவன் நான்தானே. அந்த வயரை நானும் பார்த்துக்கினுதான் இருந்தேன். ஓடுதேன்னு விட்டுட்டேன்." அவ்வளவுதான். திட்டியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

ஆபீஸ்ல நாங்க செய்யறதும் இதேதான். ராத்திரி ரெண்டு மணிக்கு அலெர்ட் அடிச்சா, ஏன் அடிக்குதுன்னு பார்க்க மாட்டோம், மியூட் பண்ணிடுவோம். பெரிய இடங்கள்லயும் நடந்திருக்கு. போபால்ல 1984 டிசம்பர் 2ஆம் தேதி ராத்திரி விஷவாயு கசிஞ்சப்போ, டேங்கைக் குளிரா வைக்கற குளிரூட்டி மாசக் கணக்கா நிறுத்தி வச்சிருந்தது. கசியற வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் குழாய் ரிப்பேருக்காகத் துண்டிச்சுக் கிடந்தது. ரெண்டு பாதுகாப்பும் அங்க இருந்தது, ரெண்டும் வேலை செய்யற நிலையில இல்லை. என் மோட்டாரை அதோட ஒப்பிடலை. ஆனா மனுஷ புத்தி ஒண்ணுதான். காவல் தொந்தரவு பண்ணா, காவலை முதல்ல நிறுத்தறோம். அது எதைப் பார்த்துக் குரைக்குதுன்னு பார்க்கறதில்லை.

கிராமத்துல இருக்கறவங்களுக்கு நாலு விஷயம் சொல்லிட்டு முடிச்சுக்கறேன்.

ஒண்ணு, லைட் வழக்கத்தை விடப் பளீர்னு எரிஞ்சா, ஃபேன் பறந்தா, சந்தோஷப்படாதீங்க. உடனே மெயினை இறக்குங்க. சாதாரண எம்சிபி இதைக் கண்டுபிடிக்காது. ஷாக்ல இருந்து காப்பாத்தற ஆர்சிசிபியும் கண்டுபிடிக்காது. இதுக்குன்னே வோல்டேஜ் கூடினாலும் குறைஞ்சாலும் கட் பண்ற கருவி தனியா இருக்கு. இப்போ எங்க வீட்ல மாட்டியாச்சு.

ரெண்டு, கீழ கிடக்கற கம்பி எந்தக் கம்பியா இருந்தாலும் உயிருள்ள கம்பின்னே நினைங்க. கிட்டப் போகாதீங்க, மத்தவங்களையும் விடாதீங்க. மின்னகம் 94987 94987க்குப் போன் பண்ணுங்க.

மூணு, பிரிவென்டர் அடிக்கடி நிறுத்துதுன்னா மூணு ஃபேஸையும் மீட்டர் வச்சு அளக்கச் சொல்லுங்க. லூப் போடாதீங்க. ஏற்கெனவே போட்டிருந்தா, இந்த எபிசோடைக் கேட்டு முடிச்சதும் போய் எடுக்க ஏற்பாடு பண்ணுங்க.

நாலு, ஆயில் இன்ஜின் இருந்தா மாசத்துக்கு ஒரு தடவை ஓட்டுங்க.

எங்க ஸ்டார்ட்டர்ல இப்போ பிரிவென்டர் வேலை செய்யுது. போன வாரம் மூணு தடவை மோட்டாரை நிறுத்துச்சு. அதுல ரெண்டு தடவை வரப்புல நடந்தது நான்தான்.

உங்க வீட்ல இப்படி "பத்து நாளைக்குத்தான்"னு போட்டு வச்ச லூப் ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.