குண்டூர் வானில் ஒரு மஞ்சள் கோடு



மழை ஓய்ந்த மாலையில் மழைத்துளிகள் வானவில்லைத் தோற்றுவிக்கின்றன. பள்ளி ஆய்வகத்தில் அதே பணியைக் கண்ணாடி முப்பட்டகம் செய்கிறது. ஒளி காற்றிலிருந்து கண்ணாடியினுள் சாய்வாக நுழைகையில் அதன் வேகம் குறைகிறது, திசையும் மாறுகிறது. இதுவே ஒளிவிலகல். எல்லா நிறங்களும் ஒரே அளவில் விலகுவதில்லை. சிவப்பு குறைவாகவும் ஊதா மிகுதியாகவும் விலகுவதால் வெள்ளொளி நிறமாலையாகப் பிரிகிறது. கண்ணாடியே நிறங்களை உண்டாக்குகிறது என்று ஒரு காலத்தில் பலர் கருதினர். 17ஆம் நூற்றாண்டில் நியூட்டன், பிரிந்த ஒரு நிறத்தை மட்டும் இரண்டாவது முப்பட்டகத்தின் வழியே செலுத்தினார். அது மேலும் நிறம் மாறவில்லை. நிறங்கள் வெள்ளொளியிலேயே அடங்கியுள்ளன என்பது இதனால் தெளிவாயிற்று.

இதனால் நாட்டுக்கு என்ன பயன்? திட்டச் செலவை ஆராய்வோர் இவ்வாறு வினவுவது முறையே. அதற்கு விடை நம் நாட்டு மண்ணிலேயே உள்ளது.

ஒவ்வொரு தனிமத்தின் ஆவியும் வெப்பமுற்று ஒளிரும்போது தனக்கே உரிய நிறக்கோடுகளைத் தரும் என்பதை, 1859-60ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் கிர்க்காஃபும் புன்சனும் நிலைநாட்டினர். 1868 ஆகஸ்ட் 18 அன்று இந்தியாவில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. இன்று ஆந்திரப் பிரதேசத்திலுள்ள குண்டூரில், பிரெஞ்சு வானியலறிஞர் ஜான்சென் சூரிய விளிம்பின் ஒளியை நிறமாலைமானியால் ஆராய்ந்தார். அக்கிரகணத்தின்போது காணப்பட்ட கோடுகளுள் மஞ்சள் கோடு ஒன்றும் இருந்தது. அது சோடியத்தின் கோட்டுக்கு அருகில் இருந்தது. ஆயினும் அதனோடு பொருந்தவில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தில் லாக்கியரும் அக்கோட்டைக் கண்டார். அது புவியில் அறியப்படாத தனிமத்தின் அடையாளம் என்ற கருத்து பிறந்தது. சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு ‘ஹீலியம்’ என்று பெயரிடப்பட்டது.

27 ஆண்டுகளுக்குப் பின்னர், 1895இல், ராம்சே அத்தனிமத்தை யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து பெற்றார். 1908இல் காமர்லிங் ஆன்ஸ் அதனைத் திரவமாக்கினார். இன்று மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. கருவிகளின் மீக்கடத்துக் காந்தங்களைக் குளிர்விப்பது திரவ ஹீலியமே. நமது தேவைக்கு இறக்குமதியையே பெரிதும் நம்பியுள்ளோம். மேற்கு வங்கத்தின் பக்ரேஷ்வர் வெந்நீரூற்று வாயுவில் ஹீலியம் உள்ளது. அதனைப் பிரித்தெடுக்கும் முயற்சிகளும் நம் நாட்டில் மேற்கொள்ளப்பட்டன.

1868இல் அந்த மஞ்சள் கோட்டின் பயனைக் கணக்கிட முனைந்திருந்தால், பயன் பகுதியில் எழுத ஒன்றும் இருந்திராது. அடிப்படை ஆராய்ச்சியின் வரவு, நிதியாண்டோடும் ஐந்தாண்டோடும் முடிவதன்று. 1928இல் கல்கத்தாவில் சி. வி. இராமன் தமது விளைவைக் கண்டதும் ஒளியைப் பிரித்துப் பார்த்ததன் வாயிலாகவே.

ஆகவே அலுவலர்கள் ஆய்வகச் செலவை எடைபோடுகையில் பொறுமையையும் ஓர் அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும். பூட்டிய அலமாரியில் கிடக்கும் முப்பட்டகம் மாணவனின் கைக்கு வருதல் வேண்டும். படத்தில் மட்டுமே நிறமாலையைக் கண்டவனுக்கு அது ஒரு பாடம். சுவரில் தானே அதனை விழச் செய்தவனுக்கு அது ஒரு கேள்வியின் தொடக்கம்.